துகள் முடுக்கிகளில் கற்றைத் தடுப்பான்களின் வடிவமைப்பு: பாதுகாப்பு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

துகள் முடுக்கியிலிருந்து வரும் கற்றை, மனிதர் நடமாடும் அறைக்குள் செல்லாதவாறு மறிக்கும் கருவி கற்றைத் தடுப்பான் எனப்படும். ஓடிவரும் கற்றையை நிறுத்துவதே அதன் பணி எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஏற்கெனவே நிறுத்தப்பட்ட கற்றை மீண்டும் வராதபடி வழியை அடைத்துவைப்பதே அதன் முதற்பணி என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின்வழி விளக்குகிறது. தடுப்பானின் உலோகம், விழும் திசை, நிலையுணர் விசைகள் ஆகியவை இவ்வேறுபாட்டை ஒட்டி எவ்வாறு முடிவாகின்றன என்பதும், இதற்கான தமிழ்க் கலைச்சொல் பற்றிய ஒரு முன்மொழிவும் இடம்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: துகள் முடுக்கி, கற்றைத் தடுப்பான், கற்றை உறிஞ்சி, இடைப்பூட்டு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

சென்னைத் தரமணியில் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அப்பல்லோ புரோட்டான் புற்றுநோய் மையத்தில் ஒரு சைக்ளோட்ரான் இயங்குகிறது. புரோட்டான்களை 230 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கும் அந்த ஒரே எந்திரம், மூன்று சிகிச்சை அறைகளுக்குக் கற்றையை வழங்குகிறது. இத்தகைய பல்லறை மையங்களில் ஓர் அறையில் நோயாளி கற்றையைப் பெற்றுக்கொண்டிருக்கும் அதே வேளையில், அடுத்த அறையில் இன்னொரு நோயாளியை மேசையில் கிடத்தி, உடலின் நிலையை மில்லிமீட்டர் அளவில் சரிசெய்துகொண்டிருப்பார்கள். எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மனிதர்களும் உள்ளே இருக்கிறார்கள். இரண்டாம் அறைக்குள் கற்றை நுழையாது என்பதற்கு எது உறுதி?

முடுக்கிகளைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் அளவையும் அவற்றால் கண்டறியப்பட்ட துகள்களையும் பேசுகின்றன. மேற்கண்ட வினாவுக்கு விடையாக நிற்கும் உலோகக் கட்டைக்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. இந்தூர், டிராம்பே, கொல்கத்தா, புதுதில்லி, கல்பாக்கம் ஆகிய இடங்களில் ஆய்வு முடுக்கிகள் உள்ளன. புற்றுநோய் மருத்துவமனைகளில் நேரியல் முடுக்கிகள் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. இவற்றின் அருகே பணிபுரிவோரின் எண்ணிக்கை இயற்பியலாளர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிது. எனவே தடுப்பானைப் பற்றித் தமிழில் தெளிவாக எழுதவேண்டிய தேவை உள்ளது.

அணைத்துவிட்டால் போதாதா?

கோபால்ட்-60 சிகிச்சைக் கருவியை முதலில் நோக்குவோம். அதில் கதிரியக்க மூலம் இரவும் பகலும் கதிர் உமிழ்கிறது. அதை அணைக்க இயலாது. மூலத்தைக் காப்பறைக்குள் இழுத்து மூடுவது ஒன்றே வழி. முடுக்கியின் இயல்பு வேறு. அயனி மூலத்தின் மின்னழுத்தத்தையோ ரேடியோ அதிர்வெண் ஆற்றலையோ துண்டித்தால் கற்றை மைக்ரோநொடிகளில் மறைந்துவிடும். அவ்வாறாயின் தடுப்பான் எதற்கு?

இதற்கு விடைகள் இரண்டு. முதலாவது, தரமணி போன்ற பல்லறை அமைப்பில் ஓர் அறைக்காக எந்திரத்தையே அணைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. இந்தூர் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் இண்டஸ்-2 வளையத்திலும் இதே நிலைதான். 172.5 மீட்டர் சுற்றளவுள்ள அவ்வளையத்தில் 2.5 கிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓர் ஆய்வாளர் தம் சோதனை அறைக்குள் சென்று மாதிரியை மாற்றவேண்டும் என்பதற்காக, மற்ற அனைவரது கற்றையையும் கொட்டிவிட முடியாது.

இரண்டாவது விடையே முதன்மையானது. அணைக்கப்பட்ட எந்திரத்தை எவரேனும் மீண்டும் இயக்கலாம். இயக்கு அறையில் இருப்பவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாமலிருக்கலாம். ஒரு மின்சுற்றுப் பழுதே எந்திரத்தை உயிர்ப்பிக்கலாம். அணைத்தல் என்பது ஒரு நிகழ்வு. அறைக்குள் மனிதர் இருக்கும் நேரம் முழுவதற்கும் நீடிக்கும் ஒரு நிலை தேவைப்படுகிறது. அந்நிலையைக் கண்ணால் காணத்தக்க ஓர் உலோகத் துண்டாக நிறுத்திவைப்பதே தடுப்பான். பாதுகாப்பு அமைப்புகள் செயற்படாதபோது நேர்வது என்ன என்பதற்கு, 1978 ஜூலையில் சோவியத் ஒன்றியத்தின் புரோட்வினோவில் அனத்தோலி புகோர்ஸ்கி என்ற ஆய்வாளரின் தலையை 76 கிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் கற்றை துளைத்துச் சென்ற நிகழ்வு சான்றாக உள்ளது. அவர் உயிர்பிழைத்தது வியப்புக்குரியது.

எவ்வளவு தடிமன் வேண்டும்?

புரோட்டான் பொருளுக்குள் செல்லும்போது சிறிது சிறிதாக ஆற்றலை இழந்து, ஏறத்தாழ ஒரு குறித்த ஆழத்தில் நின்றுவிடும். 230 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டானுக்கு அவ்வாழம் நீரில் சுமார் 33 சென்டிமீட்டர். செம்பில் சுமார் 5 சென்டிமீட்டர். ஆகவே 10 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புக் கட்டை இருமடங்கு போதுமானது எனத் தோன்றும். புரோட்டானைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் நிற்பதற்கு முன்பே புரோட்டான்களில் ஒரு பகுதி செம்பின் அணுக்கருக்களை மோதி நியூட்ரான்களை வெளியேற்றும். மின்னேற்றமற்ற நியூட்ரானுக்குச் செம்புக்கட்டை பெருந்தடையாகாது. அதைத் தணிக்க ஹைட்ரஜன் மிகுந்த பாலிஎத்திலீனோ தடித்த கான்கிரீட்டோ வேண்டும். கற்றை நின்றது, கதிர்வீச்சு நிற்கவில்லை என்ற நிலை இவ்வாறு உருவாகிறது. தடுப்பானைச் சுவருக்கு இப்பால், அறைக்கு வெளியே வைப்பதற்கும், அதைச் சுற்றித் தனிக் காப்பு கட்டுவதற்கும் காரணம் இதுவே. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட். வடிவமைப்பாளர் இவ்வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே தடுப்பான், காப்பு, சுவர் மூன்றையும் ஒன்றாக முடிவுசெய்கிறார்.

எலக்ட்ரானுக்குக் கணக்கு வேறு. உயர் ஆற்றல் எலக்ட்ரான் உலோகத்தில் நுழைந்ததும் காமாக் கதிரை உமிழும். அக்கதிர் எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளைத் தோற்றுவிக்கும். அவை மீண்டும் காமாக் கதிரை உமிழும். இவ்வாறு பொழியும் துகள்மழையின் அளவுகோல் கதிர்வீச்சு நீளம் எனப்படும். அது டங்ஸ்டனில் 3.5 மில்லிமீட்டர், ஈயத்தில் 5.6 மில்லிமீட்டர், செம்பில் 14 மில்லிமீட்டர். இண்டஸ்-2 போன்ற ஆற்றலில் இருபது கதிர்வீச்சு நீளங்களுக்கு மேல் தேவைப்படும் என்பதால், குறுகிய இடத்தில் டங்ஸ்டனும் ஈயமுமே பொருந்துகின்றன. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பது அதன் குறை.

வெப்பக் கணக்கு காட்டும் உண்மை

கற்றையின் திறனைக் கணக்கிடுவது எளிது. மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் ஆற்றலையும் மைக்ரோஆம்பியரில் மின்னோட்டத்தையும் பெருக்கினால் விடை வாட்டில் கிடைக்கும். 230 மெகா எலக்ட்ரான்வோல்ட் கற்றையில் 0.3 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் இருப்பதாகக் கொள்வோம். திறன் 69 வாட். பழைய குமிழ் விளக்கு ஒன்றின் அளவு. இதை ஒரு செம்புக்கட்டை நாள் முழுதும் தாங்கும். (இத்திறன் மனிதரைப் பொறுத்தவரை சிறிதன்று. ஒரு கிலோகிராம் நீரில் ஒரு நொடி விழுந்தால் நீரின் வெப்பநிலை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே உயரும். ஆனால் ஏற்கப்பட்ட கதிர்வீச்சு 69 கிரே. முழு உடலும் 4 கிரே அளவை ஏற்றால், மருத்துவ உதவி இல்லாத நிலையில் பாதிப்பேர் இறப்பர்.)

இனி டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்துள்ள குறையாற்றல் உயர்செறிவுப் புரோட்டான் முடுக்கியைக் காண்போம். அதன் வடிவமைப்பு இலக்கு 20 மெகா எலக்ட்ரான்வோல்ட், 30 மில்லிஆம்பியர். ஆற்றல் முன்னதில் பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை. திறனோ 600 கிலோவாட். மேலும் 20 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் செம்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே நின்றுவிடும். அதாவது வெப்பம் முழுவதும் மேற்பரப்பின் மெல்லிய தோலில் இறங்குகிறது. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள கற்றை முழுத்திறனில் செம்பின் மேல் நேராக விழுந்தால், வெப்பம் ஏற்கும் உலோகம் ஏறத்தாழ 2 கிராம். அது உருகுநிலையை எட்ட ஒன்றிரண்டு மில்லிநொடிகள் போதும்.

இந்த எண்ணைத் தடுப்பானின் வேகத்தோடு ஒப்பிட்டால்தான் அதன் பணி எது என்பது விளங்கும். 10 சென்டிமீட்டர் விட்டமும் நீளமும் உள்ள செம்பு உருளையின் எடை ஏறத்தாழ 7 கிலோகிராம். அது 10 சென்டிமீட்டர் தொலைவு தடையின்றி விழ 0.14 நொடி, அதாவது 140 மில்லிநொடி ஆகும். காற்றழுத்தத்தின் துணையால் இந்நேரத்தைப் பாதியாக்கலாம். அப்போதும் அது உருகும் நேரத்தைப்போல் முப்பது, நாற்பது மடங்கு. பாயும் கற்றைக்குள் தடுப்பானை இறக்கினால், முழுதும் இறங்குமுன்பே அதன் கீழ்விளிம்பு உருகத் தொடங்கிவிடும். குறைந்த திறனுள்ள மருத்துவ முடுக்கியில் தடுப்பான் உருகாது. ஆயினும் அந்த 70 மில்லிநொடியில் செல்லவேண்டிய கற்றை அறைக்குள் சென்றிருக்கும்.

ஆகவே ஓடும் கற்றையை நிறுத்தும் பணியை மின்னணுச் சுற்றுகளிடமே விடவேண்டும். முதலில் அயனி மூலம் துண்டிக்கப்படும். கற்றை இல்லை என்பதை மின்னோட்ட அளவி உறுதிசெய்யும். அதன் பின்னரே தடுப்பான் இறங்கும்; இறங்கியது உறுதியான பின்னரே அறைக்கதவு திறக்கும். மீண்டும் தொடங்கும்போது இவ்வரிசை தலைகீழாகும். பிரேக்கின் பணி முடிந்தபின் பூட்டின் பணி தொடங்குகிறது.

தவறுதலாக விழுவது என்னும் நிலையும் உண்டு. காற்றுக்குழாய் கழன்று, கற்றை ஓடும்போதே தடுப்பான் விழலாம். அதற்காகவே மேல்நிலை விசை அமைக்கப்படுகிறது. தடுப்பான் தன் இருப்பிடத்தைவிட்டு 5 மில்லிமீட்டர் நகர்ந்ததுமே அவ்விசை திறந்து கற்றையை நிறுத்திவிட வேண்டும். இருப்பிடத்திற்கும் கற்றையின் விளிம்பிற்கும் இடையே 6 சென்டிமீட்டர் இருந்தால், தடையற்ற வீழ்ச்சியில் ஏறத்தாழ 80 மில்லிநொடி மிச்சம் கிடைக்கும். இடத்தை மிச்சப்படுத்த அத்தொலைவைக் குறைக்கும் வடிவமைப்பாளர் இந்நேரத்தையும் சேர்த்தே குறைக்கிறார்.

எந்தப் பக்கம் விழவேண்டும்?

ஆவடி, அம்பத்தூர் வழியாகச் செல்லும் சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் பயணம் செய்வோருக்குப் பழுதுறினும் காக்கும் வடிவமைப்பு புதிதன்று. ரயிலின் பிரேக் குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விடுபட்டிருக்கும். பெட்டிகளுக்கு இடையே குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பழைய கைகாட்டிகளில் கம்பி அறுந்தால் கை ‘நில்’ என்னும் நிலைக்கே திரும்பும்படி எடை பொருத்தப்பட்டிருந்தது. இடைப்பூட்டு செய்யப்பட்ட ரயில்வே கேட்டை மூடிப் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விளக்கு எரியாது. முடுக்கிகளில் சாவியைக் கொண்டு அமைக்கப்படும் நுழைவு முறை இக்கொள்கையையே பின்பற்றுகிறது. அறைக்குள் செல்பவர் ஒரு சாவியை எடுத்துச் செல்கிறார். அச்சாவி தன் இடத்திற்குத் திரும்பாதவரை தடுப்பானை உயர்த்தும் மின்சுற்று நிறைவடையாது.

தடுப்பானில் இக்கொள்கை எவ்வாறு உருப்பெறுகிறது? கற்றைக்குழாய் வெற்றிடத்தில் இருப்பதால், வெளியிலிருந்து உள்ளே செல்லும் தண்டைச் சுற்றி உலோகத் துருத்தி ஒன்று தேவை. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள துருத்தியின்மேல் வளிமண்டலம் ஏறத்தாழ 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தண்டை உள்நோக்கித் தள்ளும். தடுப்பானை மேலிருந்து கீழே இறங்கும்படி அமைத்தால் புவியீர்ப்பும் வளிமண்டலமும் ஒரே திசையில் உதவும். கீழிருந்து மேலே எழும்படி அமைத்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும். அழுத்தக் காற்று தடுப்பானைத் தூக்கிப்பிடிக்க மட்டுமே பயன்பட வேண்டும். மின்சாரமோ காற்றோ நின்றால் அது விழும். ‘காற்றால் உள்ளே தள்ளப்படும்’ தடுப்பான் சோதனை மேடையில் விரைவாகத் தோன்றலாம். கம்ப்ரசர் நின்ற நாளில் அதற்குப் பயனில்லை.

ஒரே தடுப்பானை நம்புவதும் வழக்கமன்று. ஒன்றையொன்று சாராத இரண்டு தடைகள் இருக்கவேண்டும். அவை இயன்றவரை வெவ்வேறு வகையினவாக இருப்பது நலம். அறைக்குக் கற்றையை வளைத்து அனுப்பும் காந்தத்தின் மின்வழங்கியைத் துண்டிப்பது மிகச்சிறந்த இரண்டாம் தடை. காந்தம் அணைந்தால் கற்றை வளையாமல் நேரே சென்று உறிஞ்சியில் விழும். ஒரே காற்றுக்குழாயில் தொங்கும் இரண்டு தடுப்பான்கள் எண்ணிக்கையில் இரண்டாயினும் பழுதில் ஒன்றே.

இறங்கியது என்பதை எவ்வாறு அறிவது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் பவர் பிரஸ் இயக்குவோருக்கு இருகைப் பொத்தான் முறை பழக்கமானது. இரண்டு கைகளும் பொத்தான்களில் இருந்தால்தான் அச்சு இறங்கும். கை அச்சுக்கடியில் இருக்க வாய்ப்பில்லை. உற்பத்தி இலக்கு நெருக்கும்போது ஒரு பொத்தானைக் குச்சியால் நிரந்தரமாக அழுத்திவைத்துவிடும் வழக்கம் எங்கும் உண்டு. அதனால் விரலிழந்தோரும் உண்டு. ஆகையால் நல்ல பிரஸ்களில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பொத்தான்களும் விடுபட்டு மீண்டும் அழுத்தப்பட்டதைச் சுற்று சரிபார்க்கும்.

தடுப்பானின் நிலையுணர் விசைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. விசை ஒட்டிக்கொண்டால் தடுப்பான் மேலே இருக்கும்போதும் ‘கீழே’ என்றே காட்டும். எனவே மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் தனித்தனி விசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு என அமைப்பர். ஒவ்வொரு இயக்கத்திலும் அவை நிலை மாறினவா என்பது சரிபார்க்கப்படும். மேல், கீழ் இரண்டும் ஒரே நேரத்தில் ‘ஆம்’ என்றால் அதைப் பழுதாகவே கொள்ளவேண்டும். விசைகள் தடுப்பானின் தண்டையே தொடவேண்டும். காற்று வால்வு திறந்ததை மட்டும் உணரும் விசை, ஆணை பிறந்ததைச் சொல்லுமேயன்றி அது நிறைவேறியதைச் சொல்லாது.

உயர்திறன் முடுக்கிகளில் இன்னொரு ஐயமும் எழும்: தடுப்பான் இடத்தில் இருக்கிறது, ஆனால் அதில் துளை விழுந்துள்ளதா? இதற்கு அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் பயன்படும் முறை எளிமையானது. அழுத்தமூட்டப்பட்ட வளிமம் நிரம்பிய சிறு அறை ஒன்றைத் தடுப்பானோடு பொருத்திவிடுவர். கற்றை உலோகத்தைத் துளைத்தால் வளிமம் கசியும். அழுத்தம் குறைந்ததும் எந்திரம் நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் மென்பொருளிடம் விட்டால் என்ன என்ற வினாவுக்குத் தெராக்-25 விடையளித்துவிட்டது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அச்சிகிச்சை முடுக்கியால் ஆறு நோயாளிகள் பேரளவு கதிர்வீச்சுக்கு ஆளாயினர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. முந்தைய தெராக்-20இல் இருந்த தனித்த வன்பொருள் இடைப்பூட்டுகள் இதில் நீக்கப்பட்டு, அவற்றின் பணி மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதே பிழைகளுள் ஒன்று தெராக்-20இன் மென்பொருளிலும் இருந்தது பின்னர் தெரியவந்தது; அங்கு ஃபியூஸ்கள் எரிந்ததோடு சரி, எவரும் காயமுறவில்லை. மென்பொருள் வேண்டாம் என்பதன்று இதன் பொருள். அதன் பிழையைத் தாங்கும் ஒரு தடை வெளியே இருக்கவேண்டும்.

கலைச்சொல் குறித்து

மேலே கண்ட வேறுபாடு தமிழ்ச் சொற்களில் தெளிவாக இல்லை. கற்றையைத் தொடர்ந்து ஏற்று வெப்பமாக மாற்றும் கருவி, கற்றையின் ஓரத்தைச் செதுக்கும் கருவி, அறையின் வழியை அடைக்கும் கருவி ஆகிய மூன்றுக்கும் ‘தடுப்பான்’ என்ற சொல்லே பொருந்திவிடுகிறது. முதலாவதைக் கற்றை உறிஞ்சி எனலாம். ஜெனீவாவின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் அதன் உச்சநிலையைக் காணலாம். அங்கு ஒரு கற்றையில் தேங்கியுள்ள ஆற்றல் வடிவமைப்பின்படி 362 மெகாஜூல். அதைக் காந்தங்களால் ஒரே சுற்றில், ஏறத்தாழ 89 மைக்ரோநொடியில், வெளியே திருப்பி, நீண்ட கிராபைட் தூணின் முகத்தில் ஒரே புள்ளியில் விழாதவாறு வளைகோடாகப் பரப்புகிறார்கள். செதுக்கும் கருவிக்குக் கற்றை வரம்பி என்ற சொல் போதும்.

மூன்றாவதற்குக் ‘கற்றைத் தாழ்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். தாழ் என்பது கதவை அடைத்துவைக்கும் கருவி. தாழ்ப்பாள் என்று இன்றும் வழங்குவது. தாழ்தல் என்ற வினை கீழிறங்குதலையும் குறிப்பதால், எடையால் தானே இறங்கும் அமைப்புக்கும் அச்சொல் பொருந்துகிறது. ஓடி வருபவரைத் தாழ்ப்பாளால் நிறுத்த எவரும் முயல்வதில்லை என்பதால், இக்கருவியிடம் எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதையும் சொல்லே உணர்த்திவிடும். தடுப்பான் என்பது ஏற்கெனவே பரவிய சொல். அதை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை.

தாழை உறிஞ்சியாகப் பயன்படுத்தும் பழக்கம் பெயர்க்குழப்பத்தோடு நிற்பதில்லை. எந்திரத்தைச் சீராக்கும்போது கற்றையை எங்கேனும் கொட்டவேண்டியிருக்கும். அருகில் இருக்கும் தாழே வசதியாகத் தோன்றும். புரோட்டான் கற்றையைத் தொடர்ந்து ஏற்ற செம்பில் கோபால்ட், துத்தநாகம் ஆகியவற்றின் கதிரியக்க ஓரிடத்தான்கள் சேரும். பின்னர் துருத்தியை மாற்றவோ விசையைச் சரிசெய்யவோ செல்பவர், கற்றை அணைந்த நிலையிலும் அக்கட்டையிலிருந்தே கதிர்வீச்சைப் பெறுவார். பராமரிப்புக்கு அஞ்சப்படும் கருவியின் பராமரிப்புத் தள்ளிப்போடப்படும்.

காலமுறை ஆய்வு

இந்தியாவில் முடுக்கிகள் 1983இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவோடு, 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு இயங்குகின்றன. இடைப்பூட்டுகளைக் காலமுறையில் சோதித்துப் பதிவுசெய்வது இதன் ஒரு பகுதி. தாழைப் பொறுத்தவரை ‘இறங்குகிறது, சரி’ என்று மட்டும் குறிக்கும் பதிவேட்டால் பயன் குறைவு. கற்றை இல்லாத வேளையில் காற்றைத் துண்டித்து, மேல்நிலை விசை திறந்ததிலிருந்து கீழ்நிலை விசை மூடும்வரை ஆகும் நேரத்தை மில்லிநொடியில் எழுதிவைக்கலாம். வழிகாட்டித் தண்டில் உராய்வு கூடினாலும், துருத்தி விறைத்தாலும், காற்று வெளியேறும் துளையில் தூசி அடைத்தாலும் அந்த எண் மாதந்தோறும் சிறிது சிறிதாக உயரும். தாழ் நடுவழியில் சிக்கி நிற்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அது பதிவேட்டில் தெரியத் தொடங்கும்.